வாங்குகளில் விழாத வெளிச்சம்

எனது தாயார் எண்பது வயதைக் கடந்தவர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக எங்கள் பங்குக் கோயிலில் முன்னாலிருந்து மூன்றாவது வாங்கில், நடுவழிப் பக்கமாக இருந்து வந்தவர். கடந்த ஆண்டு திடீரென அந்த இடத்தை விட்டுப் பின்புறத்தில், பக்கக் கதவை அண்டிய மூலையில் போய் இருக்கத் தொடங்கினார். செருப்புகள் கழற்றி வைக்கப்படும் இடம் அது. முன்வாங்கில் இருப்போர் எவருடனோ மனத்தாங்கல் ஏற்பட்டுவிட்டது என்றே நான் எண்ணினேன். ஊர்க்கோயில்களில் இவ்வாறான மனத்தாங்கல்கள் புதியவையல்ல என்பதால் அதுபற்றிக் கேட்கவுமில்லை. சில மாதங்கள் கழித்துக் கேட்டபோது அவர் சொன்ன பதில் இதுதான்: "இஞ்ச இருந்தாத்தான் தம்பி புத்தகத்தில எழுத்துத் தெரியுது."

இந்தப் பதில் என்னைச் சற்று வெட்கப்பட வைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தி சேகரிப்பதைத் தொழிலாகக் கொண்டவன், தன் தாயார் இடம்மாறிய காரணத்தை அறிய இத்தனை மாதங்கள் எடுத்திருக்கிறான். அதைவிட முக்கியமானது வேறொன்று. கோயில் புதுப்பிக்கப்பட்டு அப்போது ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. வெளிநாடுகளில் வாழும் ஊரவர்கள் மனமுவந்து அனுப்பிய பணத்தில் கூரை மாற்றப்பட்டது. நிலத்துக்கு மாபிள் பதிக்கப்பட்டது. விளக்குகள் யாவும் புதிதாகப் பொருத்தப்பட்டன. "இப்போது கோயில் எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது" என்று வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினர். நானும் பாராட்டியவன்தான்.

அடுத்த ஞாயிறு சற்று முன்னதாகவே சென்று, தாயாரின் பழைய இடத்தில் அமர்ந்து பாடற்புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். பீடம் பொன்னாக மின்னியது. பீடத்தின் பின்னுள்ள சுவர், சுரூபங்கள், பூச்சாடிகள் யாவும் ஒளியில் குளித்தன. ஆனால் என் மடியிலிருந்த புத்தகத்தின் மீது மங்கலான நிழலே கிடந்தது. எனது தலையின் நிழலும் அதனுடன் சேர்ந்துகொண்டது. தூண்களிற் பொருத்தப்பட்ட விளக்குகள் பீடத்தை நோக்கித் திருப்பப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று பக்கவாட்டில் கண்ணைக் கூசச் செய்தது. கைபேசியிலுள்ள ஒளிமானி துல்லியமானதன்று. ஆயினும் ஒப்பிட்டுப் பார்க்க அது போதுமானது. பீடத்தில் 800 லக்ஸ் அளவில் காட்டியது, மூன்றாவது வாங்கில் 35ஐத் தாண்டவில்லை. பக்கக் கதவருகே, காலை வெயில் நேரடியாகப் படாத நிழலிலேயே, 250 காட்டியது. தாயாருக்கு ஒளிமானி தேவைப்பட்டிருக்கவில்லை. 

லக்ஸ் என்பது என்ன என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு லூமன் ஒளி விழுமாயின் அதுவே ஒரு லக்ஸ். எளிமையாகச் சொல்வதானால், ஒரு மெழுகுதிரியை ஏற்றி ஒரு மீற்றர் தூரத்தில் ஒரு தாளைப் பிடித்தால் அதில் விழுவது ஏறக்குறைய ஒரு லக்ஸ். நடுப்பகல் வெயிலில் அது ஓர் இலட்சத்தை எட்டும். வழிபாட்டு மண்டபங்களில் மக்கள் அமரும் பகுதிக்குப் பொதுவாக 100 முதல் 200 லக்ஸ் வரை வேண்டும் என்பது ஒளியமைப்பு வல்லுநர்களின் கணிப்பு. முதியோர் அதிகமாக உள்ள சபைகளுக்கு இதற்கு மேலும் வேண்டும்.

முதியோருக்கு ஏன் கூடுதல் ஒளி என்பதற்கு உடற்கூற்றியல் ரீதியான காரணம் உண்டு. வயது ஏற ஏறக் கண்மணித் துளை சுருங்குகிறது. கண்வில்லை மஞ்சள் பூத்துத் தடிக்கிறது. இருபது வயதுக்காரரின் விழித்திரையைச் சென்றடையும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரரின் விழித்திரையைச் சென்றடைகிறது. அத்துடன் கலங்கிய வில்லை ஒளியைச் சிதறடிப்பதால் இளையோருக்குச் சிறு தொல்லையாகத் தோன்றும் கூச்சம் முதியோருக்குப் பார்வையையே மறைத்துவிடுகிறது. வெயிலிலிருந்து உள்ளே வரும்போது கண் இருளுக்குப் பழகவும் அவர்களுக்குக் கூடுதல் நேரம் எடுக்கிறது. வாசற்படியில் தடுக்கி விழும் முதியவர்களை நாம் "கவனமில்லாமல் வந்தவர்" என்கிறோம். அவருக்குப் படி தெரிந்திருக்காது.

இன்று எங்கள் கிராமங்களில் ஞாயிறு திருப்பலிக்கு வருவோரில் முதியோர் எத்தனை பேர் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் ஊரில் என்பதே பல வீடுகளின் நிலை. வெளிநாட்டிலுள்ள பிள்ளை அனுப்பிய பணத்தில் பொருத்தப்பட்ட விளக்கு, ஊரிலுள்ள தாயின் புத்தகத்தில் ஒளி வீசவில்லை என்பதே இங்கு நான் சுட்ட விரும்பும் முரண்பாடு.

இது எவரதும் கெட்ட எண்ணத்தால் நேர்ந்ததன்று. பீடத்துக்குச் சரவிளக்கு உபயம் செய்ய ஆட்கள் உண்டு. சுரூபக்கூட்டுக்கு வண்ண விளக்கு உபயம் செய்யவும் ஆட்கள் உண்டு. பின்வாங்கில் இருப்பவரின் கண்ணைக் கூசாதிருக்க ஒரு விளக்குமூடி உபயம் செய்ததாகப் பெயர் பொறித்த கல்வெட்டை நான் இதுவரை கண்டதில்லை. 2020இல் கொரோனா காலத்தில் திருப்பலிகளை இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பத் தொடங்கினோம். அது அக்காலத்தில் பேருதவியாக இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் கமராவுக்கு ஏற்ப விளக்குகளைத் திருப்பும் பழக்கம் தொற்று நீங்கிய பின்னரும் நீங்கவில்லை. கமராவுக்கு வேண்டியது பீடம் மட்டுமே. பாடல் வரிகளைத் திரையில் காட்டும் வசதி வந்த சில இடங்களில், திரை தெளிவாகத் தெரிய வேண்டுமென்று வாங்குகளுக்கு மேலுள்ள விளக்குகளை அணைத்தே விடுகிறார்கள்.

இவ்விடத்தில் நாடக அரங்கின் வரலாற்றை நினைவுகூர்வது பயன்தரும். ஐரோப்பிய அரங்குகளில் ஒரு காலத்தில் பார்வையாளர் பகுதியிலும் விளக்குகள் எரிந்தன. மேடையைப் பார்க்க வந்தவர்கள் ஒருவரையொருவரும் பார்த்தனர். ஜேர்மனியின் பய்ரொய்த் நகரில் இசைமேதை வாக்னர் 1876இல் திறந்த அரங்கில் பார்வையாளர் பகுதி இருளாக்கப்பட்டது. மேடையைத் தவிர வேறெதிலும் கண் செல்லலாகாது என்பது அவரது நோக்கம். இன்று சினிமாக் கொட்டகை வரை அதுவே விதியாகிவிட்டது. இருட்டில் இருப்பவர் பார்வையாளர், வெளிச்சத்தில் நிற்பவர் நடிகர். ஒரு கோயிலில் வாங்குகளை இருட்டாக்கிப் பீடத்தை மட்டும் ஒளியூட்டினால், எவரும் வாய்திறந்து சொல்லாமலே அங்கு வந்திருப்போருக்கு அவர்கள் பார்வையாளர்கள் என்று சொல்லிவிடுகிறோம்.

கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை இதற்கு நேர்மாறானது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் திகதி வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, விசுவாசிகள் முழுமையாகவும் உணர்ந்தும் செயலூக்கத்துடனும் வழிபாட்டிற் பங்குகொள்ள வேண்டுமென வலியுறுத்தியது. அதற்கு முன்னர் குருவானவர் பீடத்தை நோக்கி நின்று இலத்தீனில் செபிக்க, மக்கள் தம்பாட்டில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தனர். செபமாலை மணிகளை உருட்ட வெளிச்சம் வேண்டியதில்லை, விரல்களே போதும். சங்கத்தின் பின்னர் திருப்பலி தமிழுக்கு வந்தது. மக்கள் கையில் புத்தகம் வந்தது. பதிலுரை, பல்லவி, புதிய பாடல்கள் என வாசிக்க வேண்டியவை பெருகின. மொழி மாறியது, பீடம் மக்களை நோக்கித் திரும்பியது. விளக்குகள் மட்டும் மக்களை நோக்கித் திரும்பவில்லை.

"இருளில்தானே பக்தி வரும்?" என்று ஒரு நண்பர் என்னுடன் வாதிட்டார். அவரது கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஜப்பானின் ஒசாக்காவுக்கு அருகே, இபராக்கி என்ற இடத்தில், கட்டடக் கலைஞர் தடாவோ அன்டோ வடிவமைத்து 1989இல் நிறைவுற்ற சிறு தேவாலயம் உலகப் புகழ்பெற்றது. வெறுங் கொங்கிறீற்றுச் சுவரில் சிலுவை வடிவில் வெட்டப்பட்ட பிளவினூடாக ஒளி உள்ளே வருகிறது. உட்புறம் அரையிருள். படத்தில் பார்க்கும்போதே மனம் அமைதியடைகிறது. நமது வழிபாட்டிலும் இருளுக்குரிய இடம் உண்டு. பாஸ்காத் திருவிழிப்பில் கோயில் முழுவதும் விளக்கணைத்து, பாஸ்காத் திரியிலிருந்து ஒவ்வொருவரின் மெழுகுதிரிக்கும் தீ பரவும் அந்த நேரத்தை இழக்க நான் ஒருபோதும் சம்மதியேன். ஆனால் அந்த இருள் நாமாகத் தெரிந்தெடுத்த இருள். அதற்கொரு பொருள் உண்டு, ஒரு முடிவும் உண்டு. ஆண்டின் எல்லா ஞாயிறுகளிலும் வாங்குகளில் கிடக்கும் இருள் எவரும் தெரிந்தெடுத்ததன்று. மின்கம்பி இழுத்தவரின் வசதிக்கேற்ப அமைந்தது அது.

இன்னொரு வாதமும் என் காதில் விழுந்தது. "ஜாம் போத்தல் விளக்கில் படித்து வந்தவர்கள்தானே நாங்கள், இப்போது மட்டும் என்ன?" என்பது அது. 1990இல் யாழ். குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றுபோன பின்னர் நாங்கள் வாழ்ந்த ஆண்டுகளை அறிந்தவர்கள் இதைக் கேட்டுப் புன்னகைப்பார்கள். மண்ணெண்ணெய்க்கும் தடை இருந்த காலம். ஜாம் போத்தலின் அடியிற் சிறிது பஞ்சை வைத்து, அதில் ஊறுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, திரியைச் செருகி எரித்தோம். அந்த வெளிச்சத்திற் பரீட்சைக்குப் படித்தவர்கள் இன்று உலகெங்கும் பரந்திருக்கிறார்கள். அக்காலத்து மாலைச் செபங்களிலும் நான் இருந்திருக்கிறேன். ஒரு விளக்கைச் சுற்றி நெருங்கி இருந்தோம். நன்றாகப் பார்வை தெரிந்தவர் வாசித்தார், மற்றவர்கள் பின்சொன்னார்கள். குருவானவரும் அதே இருட்டில்தான் நின்றார். இருள் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததால் ஒருவரும் அதனால் ஒதுக்கப்படவில்லை. இன்று வெளிச்சம் தாராளமாக இருக்கிறது, அது பகிரப்படவில்லை. இவ்விரண்டும் ஒன்றாகா.

எனில், நல்ல ஒளியமைப்பு எவ்வாறு இருக்க வேண்டும்? நான் பொறியியலாளன் அல்லன். இத்துறை அறிந்தவர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்தவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

முதலாவது, விளக்கின் உயரம். ஒளி பரவும் தூரம் இருமடங்கானால் அதன் வலு நாலிலொன்றாகக் குறைகிறது. எட்டு மீற்றர் உயரக் கூரையிற் புதைத்த சிறு விளக்கு கீழே வரும்போது களைத்துவிடுகிறது. அதை மாற்றுவதற்குச் சாரம் கட்டவும் வேண்டும். நமது கோயில்களில் இரண்டு விளக்குகள் எரியாது போனால் ஐந்தாவது எரியாது போகும்வரை காத்திருப்பதற்குக் காரணம் இதுதான். ஏணிக்கு எட்டும் உயரத்தில் தூண்களிலோ, தொங்கவிட்டோ விளக்குகளை அமைத்தால் ஒளியும் கூடும், பராமரிப்பும் இலகுவாகும். அவை பீடத்தை நோக்கும் பார்வைக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். குமிழ் நேரே கண்ணிற் படாதவாறு மூடியிடப்பட வேண்டும்.

இரண்டாவது, ஒளி வரும் திசை. வாசிப்பவருக்கு ஒளி தோளுக்கு மேலாகவோ பக்கவாட்டிலிருந்தோ வர வேண்டும். முன்னாலிருந்து வருவது பளபளப்பான தாளிற் பட்டுக் கண்ணுக்கே திரும்புகிறது. உச்சந்தலைக்கு நேர்மேலிருந்து மட்டும் வருமாயின் கண்குழிகளில் நிழல் விழுந்து, சமாதான வாழ்த்துச் சொல்லத் திரும்பும்போது அயலவரின் முகம் மண்டையோடுபோலத் தோன்றும். காது மந்தமானவர்கள் உதட்டசைவைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொள்கிறார்கள் என்பதையும் நினைவிற்கொள்க. இதற்கு எமது முன்னோர் அறிந்திருந்த மலிவான வழி ஒன்று உண்டு. அதுதான் வெள்ளைச் சுண்ணாம்பு. சுத்தமான வெள்ளைச் சுவரும் கூரையும் தம்மேல் விழும் ஒளியில் முக்காற் பங்கு வரை திருப்பியனுப்பும். சில விளக்குகளை மேல்நோக்கித் திருப்பிவிட்டால் கூரையே ஒரு பெரிய, கூசாத விளக்காகிவிடும். எங்கள் கோயிலிலோ புதிய கூரைக்கு அழகென்று கருந்தவிட்டு நிறப் பலகை அடித்திருக்கிறார்கள். அது விழுந்த ஒளியை விழுங்கிவிடுகிறது.

மூன்றாவது, ஒளியின் நிறம். எங்கள் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் எல்.ஈ.டி. குமிழ்கள் பெரும்பாலும் 6500 கெல்வின் என்று குறிக்கப்பட்ட நீலம் கலந்த வெள்ளை. கந்தோருக்கும் கடைக்கும் அது பொருந்தலாம். வழிபாட்டுக்கு 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான இளஞ்சூட்டு மஞ்சளே மனதுக்கு இதம், மனிதத் தோலின் நிறத்துக்கும் அதுவே நியாயம் செய்கிறது. இரண்டும் ஒரே விலைதான். வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பார்த்தாற் போதும்.

நான்காவது, ஆளிகள். எல்லாவற்றையும் ஒரே ஆளியில் இணைப்பதால் "எல்லாம்" அல்லது "ஒன்றுமில்லை" என்ற இரண்டே தெரிவுகள் எஞ்சுகின்றன. பீடம், வாசகமேடை, வாங்குகள், நடைபாதை என்று தனித்தனியே பிரித்தால் மறையுரைக்கும் பாடலுக்கும் ஆராதனைக்கும் ஏற்றவாறு கூட்டிக் குறைக்கலாம். நடைபாதைக்கும் படிகளுக்குமுரிய சில விளக்குகளை மின்கலத்துடன் இணைத்துவிட வேண்டும். 2022 மார்ச் மாத இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் இவ்வளவு விரைவில் மறந்திருக்க மாட்டோம்.

செலவு பற்றியும் ஒரு சொல். இருபது மீற்றர் நீளமும் பத்து மீற்றர் அகலமும் கொண்ட மண்டபத்தின் பரப்பு 200 சதுர மீற்றர். அதற்கு 150 லக்ஸ் வேண்டுமாயின் வாங்குகளின் மட்டத்தில் 30,000 லூமன் தேவை. சுவரிலும் கூரையிலும் பாதி வீணாகும் என்று வைத்துக்கொண்டாலும் 60,000 லூமன். இன்றைய எல்.ஈ.டி. விளக்குகள் ஒரு வாற்றுக்கு 100 லூமன் தருகின்றன. ஆகவே 600 வாற்று. இரண்டு மணித்தியாலத் திருப்பலிக்கு ஓர் அலகை விடச் சற்றே கூடுதலான மின்சாரம். எட்டு மின்விசிறிகளின் செலவு அது. எமக்குப் பற்றாக்குறையாக இருப்பது பணமல்ல என்பதற்கு இக்கணக்கே சான்று.

பகலில் மின்சாரமே தேவைப்படாத வகையிற் கட்டியவர்களும் இந்த நாட்டில் இருந்தார்கள். கண்டி திரித்துவக் கல்லூரியின் சிற்றாலயத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். அருட்திரு எல். ஜே. காஸ்ரர் வடிவமைக்க, 1935இல் அர்ப்பணிக்கப்பட்ட அவ்வாலயத்துக்குப் பக்கச் சுவர்களே இல்லை. பண்டைய சிங்களக் கட்டடக் கலை மரபில் செதுக்கப்பட்ட கருங்கற்றூண்களே கூரையைத் தாங்குகின்றன. மாணவர்கள் அமருமிடத்துக்கு இருபுறத்திலிருந்தும் கூரைநிழலில் வடிந்த மென்மையான ஒளி வருகிறது, காற்றும் வருகிறது. டேவிட் பெயின்ரரின் சுவரோவியங்களைப் பார்க்கச் செல்பவர்கள், ஒருகணம் இருக்கையிலும் அமர்ந்து தம் கையைப் பார்க்க வேண்டும். கட்டியவர் அங்கு இருக்கப் போகிறவர்களை நினைத்தே கட்டியிருக்கிறார் என்பது புரியும்.

வாங்கு, கதிரை, யன்னல் ஆகிய மூன்று சொற்களும் போர்த்துக்கேயர் எமக்கு விட்டுச் சென்றவை. அவற்றுள் யன்னலைப் புதுப்பித்தல் என்ற பெயரில் நாம் இப்போது வேகமாக அடைத்துக்கொண்டிருக்கிறோம், குளிரூட்டி வைப்பதற்கும் திரை தொங்கவிடுவதற்கும். எங்கள் கோயிலின் தென்புறத்து யன்னல்கள் இரண்டு அவ்வாறே மறைந்தன.

ஆதலால் பங்குச் சபைகளுக்கும் கோயிற் திருத்த வேலைக் குழுக்களுக்கும் எனது வேண்டுகோள் ஒன்றே. வரைபடத்தையும் கணினிப் படத்தையும் பார்த்து ஒப்பமிடாதீர்கள். தற்காலிகமாக இரண்டு விளக்குகளைக் கட்டச் சொல்லுங்கள். மாலை ஆறரை மணிக்குக் கடைசி வாங்கில் போய் இருங்கள். உங்கள் பங்கில் வயதில் மூத்தவரை அருகில் இருத்துங்கள். அவர் கையில் பாடற்புத்தகத்தைக் கொடுத்து, அவருக்கு மனப்பாடமில்லாத ஒரு பாடலை வாசிக்கச் சொல்லுங்கள். அவர் வாசித்தால் ஒப்பமிடுங்கள்.

எங்கள் பங்கிலும் இதை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்திற் பேசுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். நல்லவர்கள், பேசுவார்கள் என்றே நம்புகிறேன். தாயார் இப்போதும் பக்கக் கதவருகேதான் இருக்கிறார். காலைத் திருப்பலிக்கு அந்த இடம் போதும். நத்தார்த் திருப்பலி நள்ளிரவில் நடைபெறுவது, மார்கழிக் குளிருக்கு அந்தக் கதவைச் சாத்தியும் விடுவார்கள். "பழைய பாட்டெண்டால் பாடுவன், புதுசெண்டால் சும்மா இருப்பன்" என்கிறார் அவர்.